டைசன்: 91 வினாடியும் பத்தாவது ரவுண்டும்

குத்துச்சண்டை வீரர் மைக் டைசன் பேருக்கேற்ற ஆள்தானா என்ற கேள்வி வந்தால், அந்தப் பேர் என்னென்ன சொல்லிக்கொண்டு வந்தது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதால்தான் இந்த வாக்குவாதம் நாற்பது வருஷமாக முடியாமல் கிடக்கிறது. ஒருவர் 91 வினாடியில் முடிந்த ஸ்பிங்க்ஸ் சண்டையைக் காட்டுவார். இன்னொருவர் டைசன் கடித்த ஹோலிஃபீல்டின் காதைக் காட்டுவார். இரண்டும் உண்மைதான், ஆனால் இரண்டும் ஒரே கேள்விக்கான பதில் அல்ல.

டைசனின் மேலாளர்கள் ஜிம் ஜேக்கப்ஸ், பில் கேட்டன். பழைய குத்துச்சண்டைப் படச்சுருள்களைப் பெரிய அளவில் சேர்த்து வைத்திருந்தவர்கள். எந்தக் காட்சி ஜனங்களை உட்கார வைக்கும் என்று அவர்களுக்கு அத்துப்படி. 1985 மார்ச் 6-ல் ஆல்பனியில் ஹெக்டர் மெர்சிடிஸை முதல் ரவுண்டிலேயே முடித்துத் தொழிலுக்கு வந்த பையனை அந்த ஒரே வருஷத்தில் 15 முறை வளையத்துக்குள் இறக்கினார்கள். முதல் 19 சண்டையும் நாக்அவுட், அதில் 12 முதல் ரவுண்டில். ஆட்கள் விழும் காட்சியை மட்டும் வெட்டி ஒட்டி, வீடியோ கேசட்டாக்கி, விளையாட்டு நிருபர்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். அதைப் பார்த்தவருக்கு டைசன் குத்து வாங்குவது எப்படி இருக்கும் என்றே தெரியாது. கேசட்டில் அந்தக் காட்சி கிடையாதே!

அந்தக் கேசட் மூன்று விஷயங்களைச் சொன்னது. இவன் வரலாற்றிலேயே இளைய ஹெவிவெயிட் சாம்பியன் ஆவான். டபிள்யூபிசி, டபிள்யூபிஏ, ஐபிஎஃப் என்ற மூன்று சங்கங்களிடம் சிதறிக் கிடக்கும் பட்டங்களை ஒன்று சேர்ப்பான். எந்தக் காலத்து சாம்பியனும் இவன் முன் நிற்க முடியாது.

முதலிரண்டுக்கும் நாள்காட்டி போதும். 1986 நவம்பர் 22-ல், லாஸ் வேகாஸில், ட்ரெவர் பெர்பிக்கை இரண்டாவது ரவுண்டில் வீழ்த்தி டபிள்யூபிசி பட்டத்தை எடுத்தபோது வயது 20 வருஷம் 4 மாதம். அதற்கு முன் இளையவர் என்றிருந்த ஃபிளாய்ட் பேட்டர்சன் 1956-ல் 21 வயதில் பட்டம் பெற்றவர். இருவரையும் வளர்த்தவர் பயிற்சியாளர் கஸ் டமாட்டோதான். 1987 மார்ச்சில் ஜேம்ஸ் ஸ்மித்திடமிருந்து டபிள்யூபிஏ, ஆகஸ்டில் டோனி டக்கரிடமிருந்து ஐபிஎஃப். சொன்ன சொல் சொன்னபடி நடந்தது. இளைய சாம்பியன் என்ற சாதனை இன்றுவரை அவர் பேரில்தான் இருக்கிறது.

மீதி இருப்பது மூன்றாவது.

எந்திரம் ஓடிய விதம்

டைசனின் உயரம் 178 செ.மீ., கை விரிநீளம் 180. எதிரே வந்தவர்களில் லாரி ஹோம்ஸுக்கு 206, பஸ்டர் டக்ளஸுக்கு 211, லெனாக்ஸ் லூயிஸுக்கு 213. அதாவது டைசனின் முஷ்டி எட்டுவதற்கு முன்பே எதிராளியின் ஜாப் (முன்னால் நிற்கும் கையால் நேராக விடும் குத்து) அவர் மூக்கில் வந்து உட்காரும். சாதாரணமாக இந்த உயரத்து ஆளுக்கு ஹெவிவெயிட்டில் பிழைப்பே கிடையாது.

இதற்கு டமாட்டோ வைத்திருந்த மருந்துதான் பீக்கபூ முறை. இரண்டு கையுறையும் கன்ன எலும்பை ஒட்டி நிற்கும், முழங்கைகள் விலாவை மூடும், தாடை நெஞ்சுக்குள் இறங்கும். வழக்கமான ஆட்டத்தில் ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக உடம்பு பக்கவாட்டில் நிற்கும். இதில் இரண்டு காலும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் நிற்பதால் எந்தக் கையாலும் ஒரே பலத்தோடு அடிக்கலாம். ஆனால் மார்பு முழுக்கத் திறந்து கிடக்கும். அந்த ஆபத்துக்கு ஈடு கட்டுவது தலையசைவு. ஜாப் வரும்போது தலை இடப்பக்கம் சரியும், அடுத்ததற்கு வலப்பக்கம், பிறகு முழங்கால் மடிந்து கீழே. ஒவ்வொரு சரிவிலும் உடம்பின் எடை ஒரு காலுக்கு மாறுகிறது. அந்த எடை திரும்பி வரும் வேகம்தான் ஹூக், அதாவது பக்கத்திலிருந்து வளைந்து வரும் குத்து. ஆக, டைசனின் தற்காப்பும் தாக்குதலும் ஒரே அசைவின் இரண்டு பாதி. தலை நின்றால் தற்காப்பு மட்டுமல்ல, குத்தின் பலமும் சேர்ந்து போகும்.

பயிற்சிக் கருவியும் அதற்கேற்றதுதான். தலை உயரத்தில் கயிற்றில் தொங்கும் சின்னப் பை ஒன்று. அதை ஆட்டிவிட்டு, அது நெற்றியில் படாமல் இருபக்கமும் விலக வேண்டும். இன்னொன்று, மெத்தை சுற்றிய ஒரு பொம்மை, உடம்பெல்லாம் எண் எழுதியது. 1 என்றால் தாடைக்கு இடது ஹூக், 2 வலது, 3-ம் 4-ம் இடது வலது அப்பர்கட் (கீழிருந்து மேலே ஏறும் குத்து), 5-ம் 6-ம் விலாவுக்கு, 7 தலைக்கு ஜாப். கார்னரிலிருந்து பயிற்சியாளர் எண்ணைக் கத்தினால் யோசிக்காமல் கை போக வேண்டும். டைசனின் முத்திரை அடியை இந்தக் கணக்கில் எழுதினால் 6, 4. வலது கையால் விலாவுக்கு ஒன்று. எதிராளியின் முழங்கை வலி தாங்காமல் கீழே இறங்கும். அதே வலது கை, திரும்பிப் போகாமல், இறங்கிய முழங்கை விட்ட இடைவெளியில் தாடைக்கு அப்பர்கட்டாக ஏறும். 1986 பிப்ரவரியில் ஜெஸி ஃபெர்குசனின் மூக்கை உடைத்தது அந்த அப்பர்கட்தான்.

இந்த எந்திரம் கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. ஒன்று, தொடை. அரைக்குந்து நிலையில் மூன்று நிமிடம் ஆடுவது தொடைக்கும் இடுப்புக்கும் பெரிய தண்டனை. உடம்பு தயாராக இல்லாவிட்டால் முதலில் சாவது தலையசைவு. கையில் பலம் அப்போதும் இருக்கும் என்பதால் பார்ப்பவருக்கு உடனே தெரியாது. இரண்டு, நடுத்தூரம். உள்ளே நுழைந்தபின் அடிக்காமல் ஒரு நொடி நின்றால், நீளக் கைக்காரருக்கு அதைவிட வசதியான இலக்கு வேறில்லை. மூன்று, கட்டிப்பிடி. நெருங்கி வந்தவரின் கைகளை அக்குளுக்குள் மடக்கிப் பிடித்துவிட்டால், டைசன் அதிலிருந்து திமிறி வேலை செய்யப் பெரும்பாலும் முயலவே மாட்டார். நடுவர் வந்து பிரிப்பதற்காகக் காத்திருப்பார். இந்த மூன்றாவது கோளாறு டமாட்டோ உயிரோடு இருந்த காலத்திலிருந்தே இருந்தது. அதை யாரும் சரிசெய்யவில்லை.

கேசட்டில் வராத சண்டைகள்

1986 மே 3-ல் ஜேம்ஸ் டில்லிஸ் பத்து ரவுண்டும் நின்றார். புள்ளி போடும் நடுவர்களில் இருவர் ரவுண்டுக் கணக்கில் டைசனுக்கு 6-4 என்று கொடுத்தார்கள். நான்காவது ரவுண்டில் டில்லிஸை ஒருமுறை தரையில் போட்டிருக்காவிட்டால் அந்தப் புள்ளி அட்டைகள் 5-5 ஆகியிருக்கலாம். டில்லிஸ் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை: நகர்ந்தார், நெருங்கியதும் பிடித்தார், பிரிக்கும்போது அடித்தார். பதினேழு நாள் கழித்து மிட்ச் கிரீனும் பத்து ரவுண்டு நின்றார்.

பட்டம் வந்தபின் ஜேம்ஸ் ஸ்மித் பன்னிரண்டு ரவுண்டும் கட்டிப்பிடித்தே ஓட்டினார். (கல்லூரிப் பட்டம் பெற்ற முதல் ஹெவிவெயிட் சாம்பியன் அவர். அன்றைக்கு அவர் போட்ட கணக்கு உயிர் பிழைக்கும் கணக்கு.) நடுவர் மில்ஸ் லேன் புள்ளி பறித்தும் பிடி விடவில்லை. கடைசி ரவுண்டின் கடைசி நொடிகளில் துணிந்து ஒரு வலது கைக் குத்து விட்டார், அது சரியாகவே விழுந்தது. டக்கர் சண்டையின் முதல் ரவுண்டில் ஓர் அப்பர்கட் டைசனைப் பின்னுக்குத் தள்ளியது. இரண்டையும் டைசன் ஏகமனதாக வென்றார். வென்றது உண்மை, ஆனால் உயரமும் ஜாபும் பிடியும் சேர்ந்தால் இந்த எந்திரம் திணறும் என்பது 1987-லேயே எழுதி வைக்கப்பட்டிருந்தது. 1990-ல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் டைசன் முதல் முறையாகத் தோற்றதை வானத்திலிருந்து விழுந்த இடி என்று சொல்வதை ஏற்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

மறுபக்கத்தையும் அளந்து சொல்ல வேண்டும். பெர்பிக்கிலிருந்து ஸ்பிங்க்ஸ் வரை 19 மாதம், எட்டு சண்டை. பிங்க்லன் தாமஸ் அந்தக் காலத்தின் நல்ல ஜாப்களில் ஒன்றை வைத்திருந்தவர்; ஆறாவது ரவுண்டில் முடிந்தார். 1984 ஒலிம்பிக் தங்கம் வென்ற டைரல் பிக்ஸ் ஏழில். ஹோம்ஸ் 38 வயதில் ஓய்விலிருந்து திரும்பி வந்தவர்தான், ஆனாலும் அவரது நீண்ட வாழ்க்கையில் அவரை அடித்துச் சண்டையை நிறுத்தவைத்த ஒரே ஆள் டைசன். இவ்வளவு குறுகிய காலத்தில் ஒரு பிரிவையே துடைத்தெடுத்த இன்னொரு ஹெவிவெயிட்டைக் காட்டுவது கடினம். எதிராளிகள் பலர் உடம்பைப் பேணாத தலைமுறை என்பது சரியான குறைதான். அதற்கு டைசன் என்ன செய்வார்? இருந்தவர்களைத்தான் அடிக்க முடியும்.

1988 ஜூன் 27, அட்லாண்டிக் சிட்டி. மைக்கேல் ஸ்பிங்க்ஸ், 31 வெற்றி, தோல்வியே இல்லை, 1985-ல் ஹோம்ஸை வென்று வந்தவர். பட்டங்கள் டைசனிடம் இருந்தாலும் உண்மையான வாரிசு ஸ்பிங்க்ஸ்தான் என்று சொல்பவர்கள் இருந்தார்கள். விலாவுக்கு விழுந்த ஒரு வலது கைக் குத்தில் ஸ்பிங்க்ஸ் முழங்காலிட்டார். தொழில்முறையில் அவர் தரை தொட்டது அதுதான் முதல் தடவை. எழுந்ததும் அடுத்த வலது. மொத்தம் 91 வினாடி. ஸ்பிங்க்ஸ் அதன்பின் சண்டையிடவே இல்லை. கேசட் சொன்ன மூன்றாவது சொல்லும் அன்றிரவு உண்மை போலத்தான் தெரிந்தது.

வீடியோவில் ஸ்பிங்க்ஸின் கால்களைப் பாருங்கள். முதல் மணி அடிக்கும் முன்பே தோற்றுவிட்ட நடை. பேர் இங்கே தானே ஓர் ஆயுதமாகி வேலை செய்கிறது. அங்கி கிடையாது, காலுறை கிடையாது, கறுப்பு டிரங்க்ஸ், துளை போட்ட துண்டு என்று அந்தக் கோலம் உட்பட எல்லாமே அதற்கான ஏற்பாடு. இந்த ஆயுதத்தில் ஒரு கோளாறு: பயப்படாதவர் வரும்வரை அது எவ்வளவு பாரத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது என்று வைத்திருப்பவருக்கே தெரியாது.

பராமரிப்பு நின்றது

டமாட்டோ 1985 நவம்பரிலேயே இறந்துவிட்டார். ஜேக்கப்ஸ் 1988 மார்ச்சில். டமாட்டோவின் முறையைத் தெரிந்து நடத்திக்கொண்டிருந்த பயிற்சியாளர் கெவின் ரூனியை டைசன் அந்த வருஷக் கடைசியில் வெளியே அனுப்பினார்; வியாபாரம் சண்டை ஏற்பாட்டாளர் டான் கிங் பக்கம் போனது. 1989 பிப்ரவரியில் ஃபிராங்க் புரூனோவை ஐந்தாவது ரவுண்டில் நிறுத்தினார் என்பது பதிவு. அதே சண்டையின் முதல் ரவுண்டில் புரூனோ டைசனை ஆட்டம் காண வைத்ததும் பதிவுதான். தலையசைவு குறைந்திருந்தது, தொடர் அடி போய் ஒற்றை அடி வந்திருந்தது. ஜூலையில் கார்ல் வில்லியம்ஸை 93 வினாடியில் முடித்ததும் எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். டோக்கியோவில் பயிற்சிச் சண்டையின்போது கிரெக் பேஜ் அவரைத் தரையில் தள்ளினார். அதுவும் ஒரு வேடிக்கைச் செய்தியாகத்தான் போனது.

டோக்கியோ

பஸ்டர் என்று அழைக்கப்பட்ட ஜேம்ஸ் டக்ளஸுக்கு முன்பே நான்கு தோல்வி. 1987-ல் டக்கரோடு ஐபிஎஃப் பட்டத்துக்கு மோதி, நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர் பத்தாவது ரவுண்டில் சோர்ந்து தோற்றார். திறமை உண்டு, மனம் இல்லை என்பதே அவர் பேர். பெரும்பாலான சூதாட்டக் கூடங்கள் பந்தயமே எடுக்கவில்லை. எடுத்த மிராஜ் என்ற கூடம் போட்ட விகிதம் 42-க்கு 1: டக்ளஸ் மேல் ஒரு டாலர் கட்டினால் 42 டாலர். மூன்று வாரத்துக்குச் சற்று முன்னால்தான் அவர் தாய் இறந்திருந்தார். எடை 105 கிலோ, அதற்கு முந்தைய சண்டைகள் பலவற்றைவிட நல்ல கட்டில் இருந்தார். டைசன் 100 கிலோ.

முதல் ரவுண்டிலிருந்தே டக்ளஸ் செய்தது மூன்றே வேலை. தலை அசையாமல் நேராக வரும் டைசனுக்கு ஜாப். ஜாப் பட்டதும் அதன் பின்னாலேயே வலது. டைசன் உள்ளே வந்தால் பிடி. முக்கியமான வித்தியாசம், டில்லிஸும் ஸ்மித்தும் பிடித்துவிட்டு ஓய்வெடுத்தார்கள், டக்ளஸ் பிடியிலிருந்து விலகும்போதெல்லாம் அடித்துவிட்டு விலகினார். நடுத்தூரத்தில் நிற்கும் டைசனுக்கு நான்கைந்து குத்துகள் தொடர்ச்சியாக வந்தன. அவர் திருப்பித் தந்தது ஒரு நேரத்தில் ஒன்று.

ஐந்தாவது ரவுண்டு வாக்கில் டைசனின் இடது கண் வீங்கத் தொடங்கியது. இந்த இடத்தில் கார்னரின், அதாவது இடைவேளையில் வீரரைக் கவனிக்கும் ஆட்களின், வேலை என்ன என்று சொல்ல வேண்டும். கண் வீங்கினால் பனிக்கட்டியில் வைத்துக் குளிரவைத்த சின்ன இரும்புத் தகடு ஒன்றை எலும்பின் மேல் அழுத்தி, வீக்கத்தைக் கண்ணிலிருந்து தள்ளிவிட வேண்டும். அழுத்தமும் குளிரும் இரண்டும் தேவை. எந்தக் கார்னரும் அந்தத் தகடு இல்லாமல் வராது. உலக சாம்பியனின் கார்னரில் அது இல்லை. ஒரு ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீரை நிரப்பிக் கண்மேல் வைத்தார்கள். தொளதொள பை எங்கே அழுத்தும்? கண் மூடிக்கொண்டே போனது. இடது கண் மூடினால் எதிராளியின் வலது கை எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. அடுத்து வாங்கியதில் பெரும்பகுதி அந்த வலது கைதான்.

எட்டாவது ரவுண்டின் கடைசி நொடிகளில் ஒரு வலது அப்பர்கட் டக்ளஸை மல்லாத்தியது. அந்த ஓர் அடியில் பழைய டைசன் முழுவதும் இருந்தார். நடுவர் ஒக்டாவியோ மேரான், வளையத்துக்கு வெளியே நேரக்காப்பாளர் ஏற்கெனவே தொடங்கியிருந்த எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளாமல் தானாக ஒன்றிலிருந்து எண்ணினார். டக்ளஸ் ஒன்பதில் எழுந்தார், மணி அடித்தது. டான் கிங் தரப்பு பிற்பாடு இதையே பிடித்துக்கொண்டு, டக்ளஸ் முதலில் நாக்அவுட் ஆகிவிட்டார் என்று வாதாடியது. இரண்டு சங்கங்கள் சில நாள் தீர்ப்பை நிறுத்தியும் வைத்தன. வாதத்தில் சாரமில்லை. விழுந்தவர் பார்க்க வேண்டியது நடுவரின் விரலை. நடுவர் ஒன்பது என்றால் அவருக்கு ஒன்பதுதான்.

நம் ஆய்வுக்கு அதைவிட முக்கியம் ஒன்பதாவது ரவுண்டு. விழுந்து எழுந்த ஆளை முடிக்க டைசன் பாய்ந்தார். டக்ளஸ் பின்வாங்கவில்லை, திருப்பி அடித்துக் கயிற்றோடு கயிறாகச் சாய்த்தார். இதற்கு முந்தைய 37 வெற்றியிலும் டைசனுக்கு நேராத அனுபவம் இது: தன் சிறந்த அடியை வாங்கிவிட்டு எதிராளி இன்னும் கடுமையாக வருவது. அதற்கு அவரிடம் இரண்டாவது திட்டம் எதுவும் இல்லை. பத்தாவது ரவுண்டில் ஜாப்கள், ஒரு வலது அப்பர்கட், அண்ணாந்த தலைக்குத் தொடர்ந்து நான்கு குத்து. வாழ்க்கையில் முதல் முறையாகத் தரையில் கிடந்த டைசன், எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கும்போது, தெறித்த பல்காப்பைத் துழாவி எடுத்து, கோணலாக வாயில் செருகிக்கொண்டு எழ முயன்றார்.

ஒன்பது ரவுண்டு முடிவில் மூன்று அட்டைகளும் எப்படி இருந்தன என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஒன்று டக்ளஸுக்கு 88-82. இன்னொன்று 86-86. மூன்றாவது டைசனுக்கு 87-86. அந்தக் கண்ணோடு, அந்த ஒன்பது ரவுண்டுகளைப் பார்த்துவிட்டு, ஒருவர் டைசனுக்கு முன்னிலை கொடுத்திருக்கிறார்!

சிறைக்குப் போகாமல் இருந்திருந்தால்

இந்த வாதம் எப்போதும் வரும். 1992 பிப்ரவரியில் இண்டியானாபொலிஸ் நீதிமன்றம் பாலியல் வன்கொடுமை வழக்கில் அவரைக் குற்றவாளி என்று தீர்த்தது. 1995 மார்ச்சில் வெளியே வந்தார். 25 வயதிலிருந்து 28 வரை போனது உண்மை. ஆனால் டோக்கியோ அதற்கு இரண்டு வருஷம் முன்பே நடந்துவிட்டது. 1991-ல் ரேஸர் ரட்டக்கோடு ஆடிய இரண்டு சண்டைதான் இதற்கான நல்ல சாட்சி. இரண்டையும் வென்றார், தாடையும் பலமும் அப்படியே இருந்தன, தைரியத்தைக் குறை சொல்ல வழியே இல்லை. ஆனால் தலை நின்றுவிட்டது. அடி வாங்கி அடி கொடுக்கும் வெறும் பலசாலியாக மாறியிருந்தார். அதைச் சிறை செய்யவில்லை.

வெளியே வந்தபின் புரூனோவிடமிருந்தும் புரூஸ் செல்டனிடமிருந்தும் பட்டங்களை எடுத்தார். டபிள்யூபிசி வரிசையில் அடுத்து நின்ற லூயிஸ் 40 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு வழிவிட்டார். டைசன் பிறகு அந்தப் பட்டத்தையே விட்டுக்கொடுத்தார். லூயிஸைச் சந்தித்தது 2002-ல், மெம்ஃபிஸில், எட்டாவது ரவுண்டில் விழுந்தார். அதை வைத்து யாரையும் எடைபோடக் கூடாது, இருவருக்கும் காலம் கடந்திருந்தது. 2024-ல் 58 வயதில் ஜேக் பாலோடு இரண்டு நிமிட ரவுண்டுகளாக எட்டு ஆடித் தோற்றதை இந்தக் கணக்கில் சேர்ப்பவர்களோடு பேசிப் பயனில்லை.

எடை போட வேண்டிய சண்டை 1996 நவம்பர் 9, ஈவாண்டர் ஹோலிஃபீல்டு. அவருக்கு 34 வயது, தேய்ந்துவிட்டார் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். டைசனைவிட அவர் சில அங்குலம்தான் உயரம், ஆகவே டக்ளஸின் வழி அவருக்கு இல்லை. அவர் செய்தது வேறு: டைசன் உள்ளே அடி வைக்கும் கணத்தில் தானும் ஓரடி முன்னே வைத்தார். ஹூக்குக்குத் தேவையான இடமே அங்கே நசுங்கிப்போனது. பிடியில் தோளாலும் முன்கையாலும் டைசனைப் பின்னுக்குத் தள்ளினார். பின்காலில் நிற்கும் டைசனால் பலமாக அடிக்க முடியாது. ஆறாவது ரவுண்டில் டைசன் தரை தொட்டார், பதினொன்றில் நடுவர் நிறுத்தினார். டில்லிஸ் காட்டிய அதே மூன்றாவது கோளாறு, பத்து வருஷம் கழித்து, அப்படியே. எட்டு மாதம் கழித்து நடந்த மறுசண்டையில் டைசன் தேடிய வழி என்ன என்பது குத்துச்சண்டை பார்க்காதவர்களுக்கும் தெரியும்.

அந்த முதல் ஹோலிஃபீல்டு சண்டை அறிவிக்கப்பட்டபோது பந்தயக்காரர்கள் ஹோலிஃபீல்டுக்குத் தொடக்கத்தில் போட்ட விகிதம் 25-க்கு 1. டோக்கியோ நடந்து அப்போது ஆறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.